டிஜிட்டல் காலத்துக் குற்றம்: திருடுவது சுலபம், பணத்தைக் கையில் எடுப்பதுதான் பெரும்பாடு

ஒரு திருட்டு நடக்க மூன்று ஒன்றுகூட வேண்டும்: திருடத் துணிந்தவன், திருடுவதற்கேற்ற பொருள், அதைக் காக்க ஆளில்லாத வேளை. இவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் குற்றம். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979-இல் முன்வைத்த விளக்கம் இது. பூட்டு, காவலாளி, தெருவிளக்கு, இரவு ரோந்து என்று நாம் பழகிய ஏற்பாடுகள் எல்லாமே இந்தச் சந்திப்பைத் தடுக்க வந்தவைதான்.

இணையம் முதலில் உடைத்தது இந்தச் சந்திப்பை. திருடுபவர் ஒரு கண்டத்தில், பறிகொடுப்பவர் இன்னொரு கண்டத்தில், பணம் போய்ச் சேரும் கணக்கு மூன்றாவது நாட்டில் இருக்கலாம். பேராசை, பழிவாங்கல், ஏமாற்று எதுவும் புதிதல்ல. மாறியிருப்பது குற்றத்தின் வரவு செலவுக் கணக்கு. எது மலிவானது, எது இன்னும் கடினமாகவே இருக்கிறது என்று பார்த்தால் சைபர் குற்றங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

ஒரு சின்ன வகைப்பாடு. கணினி இல்லாவிட்டால் நடக்கவே முடியாதவை ஒரு ரகம்: ஹேக்கிங், வைரஸ், இணையதளத்தை முடக்குவது. முன்பே இருந்து, கணினியால் பெருகியவை இன்னொரு ரகம்: மோசடி, மிரட்டிப் பணம் பறிப்பது, பின்தொடர்ந்து தொல்லை தருவது. மக்களை அதிகம் பாதிப்பது இரண்டாவதுதான். செய்திகளில் அதிகம் அடிபடுவது முதலாவது.

பத்தாயிரத்தில் ஒருவர் போதும்

ஜேப்படித் திருடனுக்கு ஒவ்வொரு முயற்சியிலும் பிடிபடும் ஆபத்து உண்டு. பாதி முயற்சியாவது பலிக்காவிட்டால் அவன் தொழில் நடக்காது. போலிக் குறுஞ்செய்தி அனுப்புபவருக்கு அந்தக் கவலை இல்லை. பத்து லட்சம் பேருக்கு அனுப்பி, பத்தாயிரத்தில் ஒருவர் ஏமாந்தாலும் நூறு பேர் ஆயிற்று. மீதிப் பேர் சிரித்துவிட்டு அழித்ததில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ‘இதற்கெல்லாம் யார் ஏமாறுவார்கள்?’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சில மோசடி மின்னஞ்சல்கள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பதற்கும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-இல் ஒரு விளக்கம் தந்தார். மடல் அனுப்புவது இலவசம். ஆனால் பதில் போட்டவரிடம் நாள்கணக்கில் பேசி நம்பவைக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பாதியில் சுதாரித்துக்கொள்ளும் ஆளிடம் செலவழித்த நேரம் வீண். அதனால் எளிதில் நம்பாதவர்கள் முதல் வரியிலேயே விலகிவிடுவது மோசடிக்காரருக்கு லாபம். அபத்தம் இங்கே வடிகட்டியாக வேலை செய்கிறது.

செயற்கை நுண்ணறிவு ஆபத்தாவது இந்த இடத்தில்தான். பிழையில்லாமல் எழுதித் தருவது அதன் சிறு பயன். பேசி நம்பவைக்கும் வேலையையே அது மலிவாக்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். ஆள் போட்டுச் செய்த உரையாடலை நிரல் செய்தால் வடிகட்டத் தேவையில்லை. சந்தேகப் பேர்வழிகளிடமும் பேசிப் பார்க்கலாம். எழுத்துப்பிழையை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்கும் பழைய அறிவுரைக்கு இனி மதிப்பில்லை.

தொகையைச் சிறிதாக வைத்துக்கொள்வது இன்னொரு உத்தி. ஆயிரம் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பெரும்பாலானோர் புகார் கொடுக்க அலைய மாட்டார்கள். கொடுத்தாலும் ஆயிரம் காவல் நிலையங்களில் ஆயிரம் சின்ன வழக்குகளாகச் சிதறும். அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் அது பெரிய குற்றமாக யார் கண்ணுக்கும் படாது.

ஒரு கணக்கு பறிபோகும் விதம்

‘கடவுச்சொல்லைத் திருடினார்கள்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். இன்று நடப்பது அதைவிட நுட்பமானது. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

உங்களுக்கு ஒரு செய்தி வருகிறது, அதில் ஒரு இணைப்பு. திறந்தால் உங்கள் மின்னஞ்சல் சேவையின் நுழைவுப் பக்கம் போலவே இருக்கிறது. இது வெறும் நகல் பக்கமாக இருந்த காலம் போய்விட்டது. இப்போது அது இடைத்தரகர்: நீங்கள் தட்டுவதை அப்படியே உண்மையான தளத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதிலை உங்களுக்குக் காட்டுகிறது. நீங்கள் கடவுச்சொல் கொடுத்ததும் உண்மையான தளம் உண்மையான ஓடிபியை உங்கள் போனுக்கு அனுப்புகிறது. உண்மையான எண்ணிலிருந்துதானே வந்திருக்கிறது என்று நம்பி அதையும் தட்டுகிறீர்கள். அதுவும் அங்கே போகிறது. தளம் திருப்தியடைந்து, ‘இவர் சரியான ஆள்தான்’ என்பதற்கு அடையாளமாக உலாவிக்கு ஒரு சிறு கோப்பைத் தருகிறது. செஷன் குக்கி என்பார்கள். அது இடைத்தரகரிடம் மாட்டிக்கொள்கிறது. இனி அவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

உள்ளே நுழைந்த கையோடு அனுபவசாலிகள் செய்வது இரண்டு. கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணைத் தங்களுடையதாக மாற்றுவார்கள், அல்லது கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பார்கள். பிறகு மின்னஞ்சல் அமைப்பில் ஒரு விதி எழுதுவார்கள்: வங்கியிலிருந்து வரும் மடல்கள் நேராகக் குப்பைக்குப் போகட்டும், ஒரு பிரதி இந்த முகவரிக்கு வரட்டும். எச்சரிக்கை மடல் வந்தும் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த விதி மட்டும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிய பின் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். மீட்பு எண், முன்னனுப்பும் விதிகள், இணைக்கப்பட்ட செயலிகள் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

முகவரியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு-மையம்.நெட்’ என்ற முகவரியின் சொந்தக்காரர் உங்கள் வங்கி அல்ல, ‘சரிபார்ப்பு-மையம்.நெட்’ என்பதைப் பதிவு செய்தவர். இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் இருக்கும் மனிதக் கண்ணை நம்பி ஒரு பாதுகாப்பைக் கட்டுவது சரியல்ல என்பது எங்கள் கருத்து. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் சேமித்த டிஜிட்டல் சாவியால் நுழையும் பாஸ்கீ என்ற புதிய முறை மேலானதாவதற்குக் காரணமும் அதுவே. அது தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கும். முகவரி ஓர் எழுத்து மாறினாலும் உலாவி சாவியை நீட்டாது. ஏமாற மனிதர் தயாராக இருந்தாலும் உலாவி ஏமாறாது.

இன்னொரு வழி சிம் மாற்று மோசடி. உங்கள் பெயரில் புதிய சிம்மை வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும். அறிகுறி ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவர் போனில் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று சேவை போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடக் கூடாது.

மிரட்டிப் பறிப்பதற்கு எது குறையாக இருந்தது?

கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1989 டிசம்பரில் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 நெகிழ்வட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. வட்டைப் போட்டுக்கொண்ட கணினி ஏறத்தாழ 90 முறை இயக்கப்பட்டதும் கோப்புப் பெயர்கள் உருத்தெரியாமல் மாறின. திரும்ப வேண்டுமானால் பனாமா நாட்டில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லி அறிவிப்பு வந்தது.

திட்டம் தோற்றது. வட்டுக்கும் தபாலுக்கும் கைக்காசு போட வேண்டியிருந்தது. பூட்டிய நிரலுக்குள்ளேயே திறக்கும் வழியும் இருந்ததால் நிபுணர்கள் சீக்கிரமே மாற்று மருந்து எழுதிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் வாங்க ஓர் இடம் தேவைப்பட்டது. தபால் பெட்டிக்கு யாராவது நேரில் வந்துதானே ஆக வேண்டும்?

முதல் தடையை மின்னஞ்சல் நீக்கியது. பூட்டும் சாவி வேறு, திறக்கும் சாவி வேறு என்ற குறியாக்க முறை இரண்டாவதை நீக்கியது. மூன்றாவதை நீக்கியது 2009-இல் வந்த பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயம். அதன்பின் ரான்சம்வேர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆனால் அத்தனை பெரிய தாக்குதலில் கிடைத்த பணம் சுமார் 1,40,000 டாலர்தான். ஏன் அவ்வளவு குறைவு? பணம் கட்ட மூன்றே மூன்று பொது முகவரிகள் தரப்பட்டிருந்தன. யார் கட்டினார் என்று கண்டுபிடிக்கும் வழி நிரலில் சரியாக இல்லை. கட்டியவருக்கும் கோப்பு திரும்பாது என்று தெரிந்ததும் மற்றவர்கள் கட்டவில்லை. மிரட்டல்காரருக்கும் வாக்கு நாணயம் முதலீடாகத் தேவைப்படுகிறது!

2019 இறுதியில் மேஸ் என்ற குழு அடுத்த படிக்குப் போனது. பூட்டுவதற்கு முன் தகவலைப் பிரதி எடுத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்றது. காப்புப் பிரதி வைத்திருப்பது கோப்புகளைக் காப்பாற்றும், ரகசியத்தைக் காப்பாற்றாது. அதற்காகக் காப்புப் பிரதி வேண்டாம் என்றாகாது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகளில், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. அவற்றில் ஒன்றாவது கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் வன்தட்டையும் ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும்.

95 கோடி டாலருக்குக் குறிவைத்து...

2016 பிப்ரவரி 4 இரவு, வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்திருந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியாக 35 பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 95.1 கோடி டாலர். நாளைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள்: டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை, நியூயார்க்கில் சனி, ஞாயிறு, பணம் போகவேண்டிய மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிமாற்றங்களைத் தாளில் அச்சிடும் அச்சுப்பொறியையும் செயலிழக்கச் செய்திருந்தார்கள்.

இவ்வளவு செய்தும் வெளியே போனது 10.1 கோடிதான். அதில் இலங்கைக்குப் போன 2 கோடி, பெறுநர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் தவறாக எழுதப்பட்டிருந்ததால் நிறுத்தப்பட்டுத் திரும்பியது. மணிலாவுக்குப் போன 8.1 கோடி, முந்தைய ஆண்டே போலிப் பெயர்களில் திறந்து வைத்திருந்த கணக்குகளில் விழுந்து, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. அப்போது பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை, 2017-இல்தான் திருத்தினார்கள்.

ஹேக்கிங் கனகச்சிதமாக நடந்தது. திட்டம் ஒழுகியது பணத்தை எடுக்கும் கட்டத்தில். பெரும்பாலான சைபர் குற்றங்களுக்கு இதுதான் குறுகலான வாசல். திரையில் இருக்கும் எண்ணை யாராவது ஒருவர், எங்காவது, கையில் பிடிக்கும் பணமாக மாற்றியாக வேண்டும்.

அதற்குத்தான் வாடகைக் கணக்குகள். ‘உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்’ என்றோ, ‘வீட்டிலிருந்தே பணப் பரிமாற்ற வேலை’ என்றோ வருபவை இவைதான். திருட்டுப் பணம் ஒரு கணக்கில் விழுந்து, நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து, கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும். போலீஸ் வரும்போது ஆவணத்தில் முதலில் இருப்பது கணக்கை வாடகைக்கு விட்டவர் பெயர். கமிஷன் வாங்கியது நினைவிருக்கும், கொடுத்தவர் முகம் தெரிந்திருக்காது.

கிரிப்டோவில் போய்விட்டால் தடமே இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. பிட்காயினின் ஒவ்வொரு பரிமாற்றமும் யாரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் நிரந்தரமாகப் பதிவாகிறது. உரிமையாளர் பெயர் மட்டும்தான் இல்லை. பிட்ஃபைனெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 2016 ஆகஸ்டில் 1,19,754 பிட்காயின்கள் திருடப்பட்டன. ஐந்தரை ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரியில், அவற்றில் 94,000-க்கு மேல் அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். ரான்சம்வேரில் மாட்டிய அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் கட்டிய 75 பிட்காயினில் 63.7 அடுத்த மாதமே மீட்கப்பட்டது. அங்கே திருடர்கள் நுழைந்த வழி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு பழைய கணக்கு.

வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்

தனி அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே செய்யும் ஹேக்கர் பெரும்பாலும் கற்பனை. ஒருவர் நிறுவனங்களுக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்து விற்கிறார். ஒருவர் பூட்டும் மென்பொருளை எழுதி வாடகைக்கு விடுகிறார். இன்னொருவர் தாக்குகிறார், வேறொருவர் பணத்தைச் சுற்றலில் விடுகிறார். லாக்பிட் என்ற ரான்சம்வேர் குழுவில் தாக்கியவருக்கு 80 சதவீதம், மென்பொருளை நடத்தியவருக்கு 20 சதவீதம் என்ற பங்கு, 2024-இல் வெளியான அமெரிக்கக் குற்றப்பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் பிடிபட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருகிறார், தொழில் நிற்பதில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் இதில் இறங்க முடிவதும் இதனால்தான்.

காதல், முதலீடு என்று மாதக்கணக்கில் பேசிப் பணம் கறக்கும் மோசடியில் நிலைமை இன்னும் சிக்கலானது. வேலை என்று நம்பிப் போனவர்களைத் தென்கிழக்கு ஆசியாவில் வளாகங்களுக்குள் அடைத்து வைத்து, அடித்து மிரட்டி இதைச் செய்ய வைக்கிறார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கக்கூடும் என்றது. அந்தப் பக்கம் தட்டச்சு செய்பவரும் கடத்தப்பட்டவராக இருக்கலாம். குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார் என்ற கோடு இங்கே கலங்கிப்போகிறது.

சாட்சி சொல்லும் எண்கள்

விசாரணையும் மாறிவிட்டது. டிஜிட்டல் தடயம் ஏராளமாகக் கிடைக்கிறது, அதே வேகத்தில் அழியவும் செய்கிறது. உதாரணத்துக்கு, இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி. அதைக் கண்டுபிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. முகவரியோடு, பகிர்ந்துகொள்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி சுத்தமான நேரமும், அது எந்த நேர மண்டலம் என்பதும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டைச் சுட்டும். அரை மணி நேரம் பிசகினால் அப்பாவி ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும். அந்தப் பதிவுகளும் என்றென்றைக்கும் வைத்திருக்கப்படுவதில்லை.

கைப்பற்றிய வன்தட்டில் யாரும் கைவைக்கவில்லை என்று நிரூபிக்க ஹாஷ் மதிப்பு எடுப்பார்கள். ஷா-256 முறையில் முழு வட்டும் 64 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு கோவையாகச் சுருங்கும். ஒரே ஒரு பிட் மாறினாலும் கோவை அடியோடு மாறும். மூலத்தைத் தொடாமல் பிரதி எடுத்து, இரண்டின் ஹாஷும் ஒன்றுதான் என்று பதிவு செய்துவிட்டுத்தான் ஆய்வு தொடங்கும்.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகைச் சுற்றியபோது, சந்தேக நபர் இருந்த பிலிப்பைன்ஸில் அதைக் குற்றமாக்கும் சட்டமே இல்லை, வழக்கு கைவிடப்பட்டது. நாடுகள் ஒத்துழைக்க வழிசெய்த புடாபெஸ்ட் உடன்படிக்கை 2001-இல் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா.வின் சைபர் குற்ற உடன்படிக்கையைப் பொதுச்சபை ஏற்றது 2024 டிசம்பரில்தான். பணம் நான்கு நாடுகளைக் கடக்க நிமிடங்கள், ஒரு நாட்டின் நீதிமன்றக் கோரிக்கை இன்னொரு நாட்டில் நிறைவேற மாதங்கள். இந்த இடைவெளியில்தான் தொழில் நடக்கிறது.

மாட்டிக்கொண்டால்

பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதுதான் முதல் வேலை, காவல்துறைப் புகார் அதற்கடுத்து. வாடகைக் கணக்குகளின் சங்கிலியில் பணம் எங்காவது நிற்கும்போதே முடக்கினால்தான் திரும்பும்; அடுத்த நாள் என்பது தாமதம். பரிமாற்ற எண், தொகை, நேரம், பெறுநர் கணக்கு நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வெட்கத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாது; மூலச் செய்தியும், மின்னஞ்சலானால் எங்கிருந்து எப்படி வந்தது என்று காட்டும் அதன் முழுத் தலைப்புத் தகவலும் (ஹெடர்) வேண்டும்.

ரான்சம்வேர் என்றால் வலைத்தொடர்பை உடனே துண்டியுங்கள், முடிந்தவரை கணினியை அணைக்காதீர்கள். நினைவகத்தில் சாவியின் துணுக்குகள் இருக்கலாம். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். 2016-இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பல வகைகளுக்குத் திறவுகோல் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாதது பின்னால் வரலாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் தராதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள். 2021-இல் தொடங்கிய ‘ஸ்டாப் என்சிஐஐ’ சேவை, பெரியவர்களின் படத்துக்கு அவர்கள் சாதனத்திலேயே ஹாஷ் எடுத்து, அந்தப் படம் பதிவேறினால் கண்டுபிடித்துத் தடுக்க, அதை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. படம் உங்கள் கையைவிட்டுப் போவதில்லை.

அலுவலகங்களுக்கு ஒன்று. 2024-இல் ஹாங்காங்கில், வீடியோ கூட்டத்தில் தெரிந்த மேலதிகாரிகளின் முகங்களையும் குரல்களையும் நம்பி ஓர் ஊழியர் 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அத்தனை முகங்களும் டீப்ஃபேக், அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலி. வங்கிக் கணக்கு மாற்றமோ பெருந்தொகையோ என்றால், வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்கள் அழைத்துக் கேளுங்கள். மடலிலேயே தரப்பட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்தால் திருடரே எடுப்பார்.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னோர் அழைப்பும் வரலாம்: ‘நீங்கள் இழந்த பணம் கிடைத்துவிட்டது, செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்.’ ஒரு முறை ஏமாந்தவர்களின் பெயர்ப் பட்டியல் தனியே விற்கப்படுகிறது. தொகையையும் தேதியையும் அவர்கள் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் எடுத்தவர்களிடமிருந்தே அந்தத் தகவல் வந்திருக்கும். பணத்தை மீட்டுத்தர முன்பணம் கேட்கும் யாரிடமும் பேச்சை நீட்டாதீர்கள். அந்த எண்ணையும் பழைய புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.